அக்கா ஏன் விமானம் ஏறவில்லை?

போன வருடம் மாசி மாதம், ஒரு காலைநேரத்தில் அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறினோம். நானும், என் தையல் கடைக்கு எதிர்வீட்டு அண்ணனும், அவர் மனைவியான அக்காவும். எங்கள் குடும்பத்துக்கு அய்யனார்தான் எல்லாம். ஆனாலும் கூப்பிட்டால் எந்தக் கோயிலுக்கும் கிளம்பிவிடுகிற ஆள் நான்.

அண்ணன் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து கிளம்பி, கடல்மேல் சுற்றிவிட்டு, திரும்பக் கப்பலிலேயே வந்து இறங்க வேண்டும். இதை எங்கள் தெருவுக்குப் புரியவைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பால்காரர் ஒருநாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீர்க்காக்கா மாதிரின்னு சொல்லுங்க சார்" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

காலையில் ஜெபமாலை, அப்புறம் கனடாவில் இருக்கிற மகளுக்குப் போன், மிச்ச நேரமெல்லாம் அக்காவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது. அவர் வாழ்க்கை அவ்வளவுதான். அந்த மகள்தான் இப்போது முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அங்கே உதவிக்கு ஆளில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் போனில், "அம்மா, நீ வந்துரும்மா" என்று ஒரே அழுகை. அக்காவோ, "பிளேனா? அது மட்டும் ஆகாது" என்பார். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவார்.

அக்காவுக்கு உயரம் என்றால் பயம் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அண்ணன் உத்தியோகத்தில் இருந்தபோதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாள்கணக்கில் ரயிலில்தான் ஊருக்கு வருவாராம். "ஊரையெல்லாம் ஏத்திட்டுப் பறந்தேன், என் பொண்டாட்டிய ஏத்த முடியல" என்று அண்ணனும் கேலி செய்வார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். இதே அக்கா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று டிஷ்ஷைத் திருப்புவார். நான் கீழே கடையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். இவருக்கா பயம்? கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கோயிலில் அன்று கூட்டம் அதிகமில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அண்ணன் முழங்காலிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற குரலில், "தாயே, இவளோட பயத்தை எடுத்துரு. நான் பக்கத்துலயே உக்காந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வேண்டினார்.

அக்கா சட்டென்று திரும்பினார்.

"எனக்கு என்னங்க பயம்? வூட்டுலதான் கேலி பண்றீங்க, மாதா முன்னாலயுமா? அவங்களுக்குத் தெரியாதா என்னைப் பத்தி?"

அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே சொன்னார்.

கல்யாணமான புதிதில், கரைத் தளத்தில் வேலை பார்த்தபோது, ஒருநாள் அண்ணன் போன ஹெலிகாப்டர் திரும்புகிற நேரத்துக்குத் திரும்பவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். யார் வீட்டுக்குக் கெட்ட சேதியோடு ஆபீசிலிருந்து ஆள் வரப்போகிறதோ என்று ஒருவரை ஒருவர் பார்க்கவே பயம். அப்போது அக்கா வேண்டிக்கொண்டாராம்: 'மேல போனவரு இறங்கி வரட்டும் தாயே. அவரு மேல இருக்குற வரைக்கும் நான் ஆகாசத்துல ஏற மாட்டேன்.' சாயங்காலம் அண்ணன் வந்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் மேலே போய்விட்டார்.

"வேண்டுதல் முடியாம அப்படியே நின்னுபோச்சு" என்றார் அக்கா.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அண்ணன்.

"சொன்னா, மேல போறப்ப உங்க நெனப்பு எம்மேல இருக்கும். கையில இருக்குற வேலையில இருக்காது. அதுக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்குனா தப்பில்ல."

என் வாய் சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் சொன்ன வார்த்தைதான் கணக்கு. கிடா என்று சொல்லிவிட்டுச் சேவலைக் கொண்டுபோய் நிற்க முடியாது. அதனால் கேட்டேன்: "ஏங்க்கா, அண்ணன்தான் ரிட்டயர்டு ஆயி இறங்கிட்டாருல்ல? அப்ப வேண்டுதல் முடிஞ்சுதானே போச்சு?"

"நானும் அப்படித்தாண்டி நெனச்சேன். ஆனா கூட வரேங்கிறாரே. கூட வந்தா அவரும் மேலதான இருப்பாரு?"

முதலில் அண்ணனுக்குத்தான் புரிந்தது.

"அப்ப நான் வரல. நீ மட்டும் போயிட்டு வா."

"தனியாவா?"

"நீ இறங்கிட்டேன்னு சேதி வர்ற வரைக்கும் நான் தரையிலேயே இருக்கேன். இத்தனை வருசம் நீ இருந்தேல்ல?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்குறதுன்னா ஒழுங்கா இருக்கணும். மாடிக்குக் கூட ஏறக் கூடாது, ஆமா" என்றார். அழுகையும் சிரிப்புமாக நாங்கள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதமே அக்கா திருச்சியிலிருந்து கிளம்பினார். வழியில் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். குவார்ட்டர்ஸில் கற்ற இந்தி இருந்தது. அதை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றிவருவார். வழியனுப்பிவிட்டு வந்த அண்ணன்தான் ஆளே மாறிப்போனார். மாடி அறையில் படுக்கவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. மறுநாள் காலையில் போனும் கையுமாக என் கடை வாசலில், செருப்பில்லாமல் மண்ணில் வந்து நின்றார். மேலே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டால், "படிம்மா அது, ஏறக் கூடாது" என்கிறார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"கடல்மேல தனியா திரும்புறப்பகூட இப்படிப் பயந்ததில்ல" என்றார். டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், ஆடை படிந்துவிட்டது.

உச்சிவெயில் ஏறுகிற நேரத்தில் போன் அடித்தது. மகளின் குரல் எனக்கே கேட்டது: "அப்பா, அம்மா வந்துட்டாங்கப்பா!" அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே என் கடைப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். ஆனால் இன்றைக்கும் ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால், தையல் மிஷினை நிறுத்திவிடுகிறேன். மேலே பார்ப்பதில்லை; இதில் போகிறவர்களுக்காக எந்த ஊரில், எந்த வாசலில், யார் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறார்களோ என்றுதான் யோசிக்கிறேன்.