முதல் வளைவில் சீக்கிரம் பிடித்த பிரேக்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே ஹெல்மெட், கிளவுஸ், வண்டி ஸ்டிக்கர் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுகிற பெயரை இங்கே எழுத முடியாது.

என் தம்பி பைக் ரேஸ் ஓட்டுகிறவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் நடக்கிற தேசியப் போட்டிகளில் ஒரு கம்பெனி டீமுக்காக ஓட்டுகிறான். அவன் முதன்முதலாக ஜெயித்தபோது அவன் நம்பரைப் போட்டு டி-ஷர்ட் அடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டவர் இந்த அண்ணன்தான். அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வருஷம் அதே டி-ஷர்ட்டை வண்டி துடைக்கிற துணியாக்கிவிட்டார். தம்பியின் நம்பர் மேல் செயின் ஆயில் கறை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே இன்னொரு தடவை துடைத்தார்.

வெளிநாட்டு ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் கடையில் ஒரு கூட்டம் கூடும். பாதி நேரம் டிவி பார்ப்பார்கள், பாதி நேரம் அடித்துக்கொள்வார்கள். அந்த ஸ்பெயின்காரனுக்கு ஃபார்ம் போய்விட்டதா, இந்த இத்தாலிக்காரன் மூன்றாவது நாலாவதாகவே வந்து எப்படிப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போகிறான் என்று தொடங்கும். வேகம் பெரிதா, விழாமல் முடிப்பது பெரிதா என்று வளரும். கடைசியில் என் தம்பி தலையில் வந்து விடியும். எனக்கு நாவலூரில் வேலை. ஆறு நாள் அங்கே கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாவது நாள் இந்தக் கூட்டத்தில் போய் ஏன் உட்கார வேண்டும்? தம்பியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெரிந்தாலும் வராது, அது வேறு.

இந்த சீசனில் தம்பி ஒன்று ஜெயித்தான், இல்லாவிட்டால் விழுந்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. பிராக்டிஸில் எல்லோரையும்விட வேகம், ரேஸில் பாதியிலேயே மண்ணில் கிடப்பான். அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஃபார்முன்றது ஜொரம் மாதிரிம்மா, வரும், போவும். கன்சிஸ்டன்சின்றது ரத்தத்துல இருக்கணும். உன் தம்பிக்கு அது கெடையாது."

"ஜெயிச்சப்போ டி-ஷர்ட் அடிச்சது உங்களுக்கு வந்த ஜுரமாண்ணா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அந்த ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் யாரைக் கிழி கிழி என்று கிழித்தாரோ, அவனை டிராக்கில் ரேஸ் முடிந்ததும் தேடிப்போய்க் கை கொடுப்பார். வாயால் திட்டியதைக் கையால் தீர்த்துவிட வேண்டுமாம். சும்மா தொட்டுவிட்டு விடமாட்டார். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்துக் குலுக்குவார். கூட்டத்தில் இருப்பவர்கள் அதைப் பெரிய மனசு என்பார்கள். ஊரெல்லாம் கேட்கத் திட்டிவிட்டு அவனுக்கு மட்டும் தெரியக் கை கொடுப்பது என்ன பெரிய மனசோ எனக்குத் தெரியாது.

சீசனின் கடைசிப் போட்டிக்கு முன்னால் டீம் மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வேகம் இருக்கிறது, தெரியும். விழாமல் முடித்துக் காட்டு. முதல் ஆறு பேருக்குள் வந்தால் அடுத்த வருஷமும் டீமில் சீட் உனக்கு. இல்லையென்றால் வேறு பையனைப் பார்க்கிறோம். சீட் போனால் அவ்வளவுதான். சொந்தமாக வண்டி வாங்கி ரேஸ் ஓட்ட எங்கள் வீட்டுக்கு வக்கில்லை.

ரேஸுக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை வந்தது, நான் லீவு போட்டிருந்தேன். நானும் தம்பியும் பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தோம். வெங்காயம், அம்மாவுக்கு ஒரு செம்பருத்திச் செடி. ஸ்கூட்டரை அவன் ஓட்ட, பின்னால் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான். சானடோரியம் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டு மண்ணை அப்படியே விட்டிருந்தார்கள். நடந்து போகிறவன்கூட எங்களை முந்தியிருப்பான், அந்த வேகத்தில் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேஸில் அத்தனை வேகத்தில் விழுந்து தூசியைத் தட்டிவிட்டு எழுந்து வருகிறவன், வெங்காயத்துக்கு நடுவில் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு மணிக்கட்டில் சின்ன எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, மாவுக்கட்டு போட வேண்டும், ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார். தம்பி சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, கட்டு ரேஸுக்கு அப்புறம் என்றான். பைக்கில் முன்சக்கர பிரேக் வலது கையில்தான் இருக்கிறது. கையில் டம்ளரைப் பிடிக்க முடியாதவன் பிரேக்கைப் பிடிக்கப் போகிறானாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீ விழுந்தா நீ மட்டுமா விழுவ, பின்னாடி வர்றவன் உன் மேல ஏறி அவனும் சாவானேடா என்று கத்தினேன். விழமாட்டேன் என்றான். மேனேஜரிடம் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லு, சொன்னா அதோட எனக்கு அக்கா இல்ல என்றான். சத்தம் கேட்டு அம்மா வந்ததும் இரண்டு பேரும் செடியைப் பற்றிப் பேசினோம். வாய் என்று ஒன்று இருப்பதே சண்டை போடத்தான் என்று நினைக்கிற என்னிடம், யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டான்.

ரேஸ் அன்றைக்கு வெயில் கொளுத்தியது. ஸ்டாண்டில் எனக்கு முன் வரிசையில் அண்ணனும் அவர் கூட்டமும். தம்பி மணிக்கட்டைச் சுற்றி டேப் ஒட்டி அதற்கு மேல் கிளவுஸ் போட்டிருந்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் லேப்பிலேயே அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, ஆனால் கண் பருந்துக் கண். நேர் ரோடு முடிகிற முதல் வளைவில் மற்றவர்கள் பிரேக் பிடிக்கிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே தம்பி பிடிக்கிறான் என்றார். அடுத்த லேப்பில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். உண்மைதான். அழுத்திப் பிடிக்கக் கையில் பலம் இல்லாதவன், சீக்கிரமே பிடித்து மெதுவாகத்தானே வேகத்தைக் குறைக்க முடியும்? பார்த்தது அத்தனையும் சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என் வயிற்றைப் பற்றவைத்தது.

"பயம்டா. வுழுந்து வுழுந்து பயம் வந்துட்சி. இனிமே இவன் ரேஸர் இல்ல, வண்டி ஓட்றவன்."

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உடைந்த எலும்போடு ஓட்டுகிறான், உங்களில் எவனாவது அந்தக் கையால் ஒரு ஷேர் ஆட்டோ கம்பியைப் பிடிப்பீர்களா என்று கேட்டிருப்பேன். கேட்டால் அரை மணி நேரத்தில் மேனேஜர் காதுக்குப் போய்விடும். துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்தேன். போன ரேஸ் வரைக்கும் வேகமாகப் போய் விழுகிறான், நிதானம் இல்லை என்று சொன்ன அதே வாய்கள், இன்றைக்கு நிதானமாகப் போகிறான், வேகம் இல்லை என்றன. கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? பக்கத்தில் ஒருவன் பயந்தாங்கொள்ளி என்று கத்தினான். அண்ணன் அவனை அடக்கவில்லை.

தம்பி ஐந்தாவதாக வந்தான். விழவில்லை. சீட் கிடைத்துவிட்டது, இனி கட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே வண்டிகள் வந்து நிற்கிற இடத்துக்கு ஓடினேன். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான், கிளவுஸைக் கழற்றவில்லை. பக்கத்தில் மேனேஜர். தம்பியின் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது என் பின்னால் அந்தக் குரல் கேட்டது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வாயால் திட்டியாகிவிட்டதே, கையால் தீர்க்க வேண்டாமா? சத்தியமாக, அதுவரை அந்தப் பழக்கம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

குறுக்கே போய் நின்றேன். அண்ணா, அவன் வேர்த்து வழியறான், அப்புறம் பாக்கலாம் என்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கையை நீட்டிவிட்டார். பெரியவர் வலது கையை நீட்டும்போது இடது கையைக் கொடுத்தால் நம் ஊரில் அது செருப்பைக் காட்டுகிற மாதிரி. கொடுக்காமல் நின்றால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி வலது கையைக் கொடுத்தான்.

அவர் வழக்கம்போலப் பிடித்தார். தம்பியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியது. அவன் இடது கை என் துப்பட்டாவைத் தேடிப் பிடித்துச் சுருட்டியது. அண்ணன் ஒரு தடவை குலுக்கினார். இரண்டாவது தடவை குலுக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. கிளவுஸ் முடிகிற இடத்தில் வெள்ளை டேப் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. முறைத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் இன்னொரு கையை அடியில் கொடுத்து, நிறைகுடத்தை இறக்குவதுபோல அந்தக் கையை மெதுவாகக் கீழே விட்டார்.

மேனேஜர் சும்மா இருந்திருக்கலாம். அவர் அண்ணனிடம் கேட்டார்: "நீங்கதான் இவனை ஆரம்பத்துல இருந்து பாக்கறீங்க. முதல் டர்ன்ல ஏன் அவ்ளோ சீக்கிரம் பிரேக் பிடிக்கிறான்? கையில ஏதாவது பிரச்சனையா?"

அந்த ஆள் வாயில் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் என் தம்பியின் பிழைப்பு.

"கைலலாம் ஒண்ணும் இல்ல சார். இப்பதானே குலுக்கினேன், நல்லாதான் கீது" என்றார் அண்ணன், அவர் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "பயம் சார். பையனுக்கு பயம் வந்துட்சி. பயந்தவன் வுழமாட்டான். வுழாத ஆளுதானே நீங்க கேட்டீங்க?"

மேனேஜர் சிரித்துத் தம்பியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். கூட்டமும் சிரித்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

கிளம்பும்போது அண்ணன் என் ஸ்கூட்டர் பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"எலும்பு சேர்ற வரைக்கும் அவன் வண்டிய தொட்டான்னு கேள்விப்பட்டேன், நானே மேனேஜராண்ட போயி சொல்லிடுவேன். அக்காவாம் அக்கா. பாத்துகினு கம்னு இருந்துட்டியே, அறிவில்ல?"

தம்பி வந்து ஏறியதும் வண்டியைக் கிளப்பினேன்.

படப்பை தாண்டி வந்தோம், தம்பி பின்னால். முடிச்சூர் ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது கேட்டான்: "அக்கா, அந்தாளு நெஜமாவே என்னை பயந்தவன்னு நினைச்சிட்டாரா?" வலியில் அவன் ஒன்றையும் கவனித்திருக்கவில்லை. சொன்னேன், டேப்பைப் பார்த்தார் என்று. அப்படீன்னா உண்மையையே சொல்லியிருக்கலாம்க்கா, சீட் போனாலும் பரவாயில்ல, அந்த வார்த்தையைத் தாங்க முடியல என்றான். எலும்பு உடைந்தபோது, ஊசி போட்டபோது, ரேஸ் முழுக்க, அழாதவன் என் முதுகில் நெற்றியை வைத்து அழுதான். வாயை மூடிட்டு வாடா என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த வாரம் மேனேஜர் போன் செய்தார். சீட் கொடுத்தாகிவிட்டது. அதே வாரம் கட்டும் போட்டாகிவிட்டது. தம்பி வெளியே தலைகாட்டுவதில்லை. ஊரில் கேட்டால் பெங்களூரில் இருக்கிறான் என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நான் இன்னும் போகிறேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்ற பேச்சு வரும். ஸ்பெயின்காரன், இத்தாலிக்காரன் எல்லாம் முடிந்து பேச்சு தம்பியிடம் வந்து நிற்கும். எவனாவது ஒருவன், அந்தக் கையைப் பார்த்தா ஏதோ ஆன மாதிரி இருந்ததே என்று ஆரம்பிப்பான். அண்ணன் அவனை முடிக்க விடுவதில்லை. கையாவது காலாவது, அவன் பயந்தாங்கொள்ளிடா என்று கடை அதிரக் கத்துகிறார். கத்தும்போது என் பக்கம் திரும்புவதே இல்லை. அந்த ஆளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நானும் சும்மா விடுவதில்லை, பதிலுக்குத் திட்டுகிறேன், திட்டாவிட்டால் சந்தேகம் வரும். அவர் இன்னும் சத்தமாகத் தம்பியைத் திட்டுகிறார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.