கழுத்துக் கவசம் பின்னியவள்

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி நம் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் பெருமாநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் அம்மா போனில், "பிளேட்லெட்டு கூடியிருக்காம் எய்யா, டாக்டரு சிரிச்சுப் பேசுனாரு" என்று சொல்லியிருந்தார். அதனால் நான் நம்பவில்லை. வேறு யாரோ ஜெசிந்தா என்றே நினைத்தேன். அதற்குள் கீழே ஒவ்வொருவராகக் கும்பிடும் கைகளைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு கொசுவின் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவளோடு ஜவுளித் தொழில்நுட்பத் துறையில் படித்தவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவள் டப்பாவில் மீன் குழம்புக்குப் பங்கு கேட்டவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆனால் அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்பது உங்களில் பலருக்கு முழுதாகத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நம் பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் அவளும் முனைவர் பட்டத்துக்கு ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து நல்லூரில் தங்கிவிட்ட குடும்பம். அப்பா துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர், அம்மா தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங். ஆசிரியர்களிடம் நம்மைவிட அழகாக 'ங்க' போடுவாள். போனில் அம்மா வந்தால் அடுத்த நொடியே தாமிரபரணித் தண்ணீர் பேச்சில் கலந்துவிடும். கூடப் படிப்பவள்தானே என்று நான் அவளை 'வா, போ' என்று கூப்பிட்டதில்லை. வளர்ந்த ஊர் அப்படி. "ஏ கதிரு, என்னைய என்ன ஒம் மாமியாருன்னு நெனச்சியா? வாங்க போங்கங்கிற" என்று கேட்பாள். இன்றைக்குத்தான் முதல்முறையாக 'அவள்' என்று எழுதுகிறேன். அதைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

சேர்க்கை நேர்காணல் இன்னும் நினைவிருக்கிறது. நான் வெளியே காத்திருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், "பனியன் துணியை வச்சா குண்டைத் தடுக்கப் போறே?" என்று கேட்டார். உள்ளே சிரிப்பு. ஜெசிந்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"குண்டு இல்லீங்க சார், சில்லு. வெடிச்சாத் தெறிக்குமில்லீங்க, அது. எங்க மாமா பட்டாளத்துல இருக்காருங்க. ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்துக்கு ஒரு பட்டை குடுத்தாங்களாமா. அதைப் போட்டாத் தலை திரும்ப மாட்டேங்குதுன்னு எல்லாருமே கழட்டி வச்சுட்டாங்களாமா. தறியில நெஞ்ச துணி தடுக்குமுங்க, ஆனா வளையாது. பின்னுன துணி வளையுமுங்க, ஆனா சில்லு பூந்துரும். வளையவும் வேணும், பூரவும் கூடாது. அது முடியுமான்னு பாக்கத்தானுங்க எடம் கேக்கறேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. "கழட்டி வைக்கிற கவசம் கவசமே இல்ல" என்பது அவள் வாக்கியம். ஆய்வகத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததும் அதுதான். நம்மில் பாதிப் பேர் அதை வாழ்க்கைத் தத்துவம் என்று நினைத்துப் படம் எடுத்துப் போட்டோம். அவள் சொன்னது வெறும் கழுத்துப் பட்டையைத்தான்.

நம் ஊரில் யார் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள் என்பதை அவர்கள் வீட்டுக் கால்மிதியைப் பார்த்தே சொல்லிவிடலாம். மெஷினில் ஓட்டிய துணியில் கழிவு வீட்டுக்கு வரும். அது தலையணை உறையாகும், கொசுவலைக்கு ஒட்டாகும், கடைசியில் கால்மிதியாகும். ஜெசிந்தாவின் அப்பா வாழ்நாள் முழுக்க, எங்கோ இருக்கிற கல்லூரிகளின் பெயர் போட்ட ரிஜெக்ட் பனியன்களைப் போட்டுக்கொண்டு திரிந்தவர். ஆகவே தன் மகள் முதன்முதலில் பின்னிய துணி வீட்டுக்கு வந்தபோது அவள் அம்மா வழக்கம்போல அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். அது அராமிட் என்ற நூல். குண்டு துளைக்காத சட்டைகளில் போடுகிற மஞ்சள் நூல். நெருப்புக்கும் அசையாது. அம்மா அதைச் சோற்றுப் பானை இறக்கும் கரித்துணி ஆக்கிவிட்டார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனபோது அந்தக் கரித்துணியை என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டார். "சூடே தெரியல எய்யா! எம்புள்ள என்னமா பின்னியிருக்கா பாத்தியா!" ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மா, அதுல எத்தன மாச வேல இருக்கு தெரியுமா?" என்றாள். "இருக்கட்டுமே, எனக்கு ஒதவுதுல்லா?" என்றார் அம்மா. எனக்குத் தெரிந்து அவள் ஆராய்ச்சிக்குக் கிடைத்த மனம் நிறைந்த பாராட்டு அது ஒன்றுதான்.

பிறகு பாதுகாப்புத் துறையின் உதவி கிடைத்தது. நாமெல்லாம் கேக் வெட்டினோம். அதோடு ஒப்பந்தமும் வந்தது: துணியில் ஒரு இழைகூட வெளியே போகக் கூடாது, போயிருந்தால் திரும்ப வர வேண்டும். ஜெசிந்தா வீட்டுக்குப் போய்க் கரித்துணியைக் கேட்டிருக்கிறாள். அம்மா அதைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுத்தாராம். கரிக் கறையோடு அது ஆய்வகத்து அலமாரிக்குள் போனது.

அவள் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதிரியையும் முதலில் தன் கழுத்தில்தான் கட்டுவாள். கட்டிக்கொண்டு பெருக்குவாள், சாப்பிடுவாள், மேசையில் தலைவைத்துத் தூங்குவாள், பின்னால் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சித்திரை வெயிலில் மின்விசிறியை வேறு நிறுத்திவிடுவாள். சில நாள் என் கழுத்திலும் மாட்டிவிட்டு, "குனிஞ்சு ஷூ லேசு கட்டு பாப்போம்" என்பாள். "ஏனுங்க, நான் என்னுங்க பாவம் பண்ணுனேன்?" என்று கேட்டால், "அங்க நிக்கிறவன் என்ன பாவம் பண்ணுனான்?" என்பாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து அவள் பவுடர் போட்டுக்கொண்டு திரிந்ததை நாம் கேலி செய்திருக்கிறோம்.

டெங்கு என்று அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் நம் ஆட்கள் வரிசையாக ரத்தம் கொடுத்தார்கள். என் ரத்தம் அவளுக்குச் சேருகிற வகை என்றதும் எனக்கு ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை வந்தது, இனி ஒன்றும் ஆகாது என்று. பார்க்கப் போனபோது அவள் கேட்டது, "நூலு கோனை எல்லாம் மூடி வச்சியா? வெளிச்சம் பட்டா வீணாப் போயிரும்" என்பதுதான். கடைசியாகப் பின்னிய துணி சோதனைக்குப் போயிருப்பதைத் தன் அம்மாவிடமும் சொன்னாள். "வெடிச்சுப் பாப்பாங்கம்மா, நின்னுதுன்னா நான் ஜெயிச்சேன்" என்றாள். அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டார். நாங்கள் கைகட்டி நின்றுகொண்டிருந்தோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடக்கத்தன்று நல்லூர் வீட்டில் கூட்டம் தெருவரை நின்றது. அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போனார். அழுது ஓய்ந்த குரலில் கேட்டார்: "எய்யா, அவ பின்னுனதுல ஒரு துண்டு கெடைக்குமா? பெருசால்லாம் வேண்டாம். நெஞ்சுல வைக்கிற அளவுக்குப் போதும். நான் குடுத்து விட்டேம்லா, அந்தக் கரித்துணியா இருந்தாலும் சரி. பெட்டில வச்சு அனுப்பிருதேன்."

"கொண்டாறேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த வார்த்தையை யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தாலும் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

பேராசிரியர் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் உடனே டெல்லிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவரும் நல்ல மனிதர்தான். வருத்தப்பட்டார், எந்த ஊர், எத்தனை வயசு என்றெல்லாம் விசாரித்தார். எழுத்து மூலமாகக் கேளுங்கள், குழு கூடும்போது வைக்கிறோம் என்றார். நான் அலமாரி முன்னால் நின்றேன். அதற்குள் ஜெசிந்தாவின் இத்தனை வருட வேலை இருந்தது.

"என்ற பாக்கெட்டுலதான் சாவி இருக்குது கண்ணு" என்றார் பேராசிரியர். "தொறக்கற அதிகாரந்தான் எனக்கில்ல." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவருடைய தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டு வாசலில் அம்மா என் கைகளைத்தான் பார்த்தார். கேட்கவில்லை. "பரவாயில்ல எய்யா, பட்டாளத்துச் சாமான், கேட்டது நம்ம தப்பு" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். அதற்குள் ஜெசிந்தாவின் அப்பா கம்பெனிக்குப் போய் முதலாளியிடம் கேட்டு, ஏற்றுமதிக்கு ஓட்டிய வெள்ளைத் துணியில் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார். ரிஜெக்ட் அல்லாத துணி அந்த வீட்டுக்கு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெபம் முடிந்து அதைத்தான் அவள்மேல் போர்த்தினார்கள். துணியைக் கேட்டு எழுதும் கடிதத்தை நான் மறுநாளே தயார் செய்தேன், பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இன்னும் பதில் இல்லை.

அவள் வேலையை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மறுக்க நினைத்தேன். மறுத்தால் அந்த மெஷினை வேறு ஆராய்ச்சிக்கு மாற்றிவிடுவார்கள் என்றதும் சரி என்றேன். அவள் வைத்துவிட்டுப் போன அளவுகளிலேயே ஓட்டுகிறேன். ஒவ்வொரு மாதிரியையும் கழுத்தில் கட்டிக்கொண்டு பெருக்குகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் சோதனை முடிவு வந்தது. நானும் பேராசிரியரும் படித்தோம். அதற்குமேல் ஒரு சொல்கூட இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அவள் அம்மா போன் செய்தார். செக்கிங் வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்திருந்தார், சாப்பாட்டு நேரம், பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. "எய்யா, வெடிச்சுப் பாக்க அனுப்பியிருக்குன்னு சொன்னால்லா, அது வந்துட்டா? அவ துணி நின்னுச்சா?"

நான், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்யா" என்றார். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நானும் வைக்கவில்லை. அங்கே கம்பெனி மணி அடித்துவிட்டது. "சரிய்யா, நீ வேலையப் பாரு" என்றார்.

ஜெசிந்தாவின் மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது, அவள் நாற்காலி இருக்கிறது, அவள் அம்மாவின் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. அந்தப் பதில் அவருடையது. நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.