அம்மாவுக்கு வருமானம் இல்லை

போன வாரம் என் மகனும் மருமகளும் கொச்சியில், காக்கநாட்டில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்தார்கள். பதினோராவது மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி. அந்தப் பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும். விலையைக் கேட்டதும் நான் செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். மகன் வாங்கும் சம்பளத்தில் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், பேத்திக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டாமல் இருந்தால் எட்டு வருடம் நான்கு மாதம். சாப்பிட்டால் இருபத்திரண்டு வருடம். "அப்பா, பேப்பரைக் கீழே வைங்க" என்றான் மகன்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வங்கிக் கடன் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தான். மருமகள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். மாதம் பதினாறு பதினேழாயிரம் வரும், டிசம்பரில் நாற்பதாயிரம் தாண்டும். அதையெல்லாம் எழுத வேண்டாம், அது ஒரு வருமானமா என்றான் மகன். அவள் சமையலறைக்குள் போனாள். "அதையும் எழுதுடா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காரணத்தை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் வரிசையாக மூன்று ஓட்டு வீடுகள், நடுவீடு எங்களுடையது. எங்களுடையது என்று பேச்சுக்குச் சொல்கிறேன், நாங்கள் பணயத்துக்கு இருந்தோம். பணயம் என்றால் வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்கிற அன்று கொடுத்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடும். வாடகை மிச்சம் என்று எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த பணம் பத்து வருடத்துக்கு முன்பிருந்த மதிப்போடு திரும்பி வராது என்பதைக் காலி செய்கிற அன்றுதான் கண்டுபிடிப்பார்கள். அப்பா கொடுத்திருந்தது எழுநூறு ரூபாய்.

அப்பாவுக்கு நகராட்சியில் வேலை. தெருவிளக்கு எரியாவிட்டால் ஏணியோடு போய்ச் சரிசெய்கிறவர்களில் ஒருவர். காக்கிச் சட்டை, தோளில் மூங்கில் ஏணி, மாதம் தொண்ணூறு ரூபாய். அந்த ஏணியில் எனக்கு அவ்வளவு பெருமை. அம்மா ஒரு சுக்குப் பண்டகசாலையில் வேலை செய்தாள். முற்றத்தில் மலைபோல் கொட்டிக் கிடக்கும் சுக்கைப் புடைத்து, சுரண்டி, தரம் பிரிக்க வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தோய்த்த சுக்கு அது. சாயங்காலம் அம்மா வரும்போது புருவம், கண் இமை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த நெடி புடவையை விட்டுப் போகாது. சாக்குக் கணக்கில் சனிக்கிழமை தோறும் கூலி. கூட்டிப் பார்த்தால் மாதம் நாற்பத்தாறு வரும். கூட்டிப் பார்க்கிறவன் நான்தான்.

என் வகுப்பில் ஒரு பையனுடைய அம்மாவும் அதே பண்டகசாலையில் வேலை செய்தாள். அவனுக்கு வகுப்பில் சுக்குக்காப்பி என்று பெயர். வாத்தியார்கூடச் சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நகராட்சி ஊழியர் சங்கத்துக் கிளார்க்கின் மகன். இஸ்திரி போட்ட சட்டை, பித்தளை மூடி போட்ட தண்ணீர்ப் புட்டி. உன் அம்மா என்ன செய்கிறாள் என்று அவன் கேட்டபோது, வீட்டில் இருக்கிறாள், எங்கேயும் போவதில்லை என்று சொல்லிவைத்தேன். அவன் நம்பினான். எனக்குப் பெயர் எதுவும் வரவில்லை.

அந்த வருடம் வீட்டுக்காரர் வியாபாரத்தை மூடிவிட்டுப் பம்பாய்க்குப் போவதாக முடிவு செய்தார். மிளகு வியாபாரி, நல்ல மனிதர். குடியிருக்கிறவர்களுக்கே முதலில் தருகிறேன், ஒரு வீடு இரண்டாயிரத்து நானூறு, இரண்டு மாதம் அவகாசம் என்றார். துறைமுகமும் பண்டகசாலைகளும் நடந்துபோகிற தூரத்தில் இருந்ததால் அன்றைக்கே மட்டாஞ்சேரியில் ஒன்றரை சென்ட் நிலம் ஏழைக்கு எட்டாத சாமான். அவர் சொன்னது மலிவான விலை.

எங்கள் வீட்டில் அன்று நடந்த ஆலோசனையில் காகிதமும் பென்சிலும் என் கையில் இருந்தன. பணயப் பணம் எழுநூறு கழித்தால் ஆயிரத்து எழுநூறு. அம்மா மாதாமாதம் கட்டிவரும் ஏலச்சீட்டு விழுந்தால் முந்நூற்றைம்பது. மீதி ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு அப்பாவின் நகராட்சி ஊழியர் சங்கத்தில் கடன். குடும்பத்தின் மாத வருமானத்தைப் போல் பத்து மடங்கு சங்கம் கொடுக்கும். அப்பாவுடையது தொண்ணூறு, அம்மாவுடையது நாற்பத்தாறு. பத்து மடங்கு ஆயிரத்து முந்நூற்றறுபது. பத்து ரூபாய் மிச்சமே விழுகிறது என்று நான் சொன்னதும் அப்பா எழுந்து நின்றே விட்டார். பத்திரச் செலவுக்கு என் கம்மல் இருக்கிறது என்றாள் அம்மா. பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்து, இந்த இடத்தில் ஒரு ஜன்னல் வைக்கலாம் என்றாள்.

அம்மாவின் கூலிக்குப் பண்டகசாலை மேஸ்திரியிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். இந்தப் பெண் இங்கே வேலை செய்கிறாள், இவ்வளவு கூலி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து. அந்த ஒரு வரிக்காக அம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்து முற்றம் பெருக்கிவிட்டு வந்தாள். மூன்று என்று எனக்குத் தெரியும். நாலாவது வாரம் சீட்டைக் கொண்டுவந்து, கையை இரண்டு தடவை துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். படிவம் மலையாளத்தில் இருந்தது. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. சந்தில் நான்கு வீட்டுக்கு மணியார்டர் எழுதுகிறவன் நான். ஆகவே என்னை நம்பினார்கள்.

அப்பாவின் பெயர், வேலை, சம்பளம் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினேன். மனைவியின் வேலை என்ற இடத்தில் பேனா நின்றது. இந்தக் காகிதம் போகப்போவது கிளார்க் சாரின் மேஜைக்கு. அவர் வீட்டில் சொல்வார். பக்கத்தில் உட்காருகிறவன் தெரிந்துகொள்வான். மறுநாள் வகுப்பில் இரண்டு சுக்குக்காப்பி இருப்பார்கள். வேலை: இல்லை. வருமானம்: இல்லை. அப்படி எழுதினேன். மேஸ்திரியின் சீட்டை நான்காக மடித்து, பள்ளிக்குப் போகிற வழியில் வாய்க்காலில் போட்டேன். பத்து ரூபாய் மிச்சக் கணக்கைப் போட்ட அதே தலைதான். நானூற்றைம்பது ரூபாய் குறையும் என்று அதற்குத் தெரியாமல் இல்லை. பெரியவர்கள் எப்படியாவது சமாளிப்பார்கள் என்று நினைத்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை கிளார்க் சார் விசாரிக்க வந்தார். சைக்கிள் கேரியரில் அவருடைய மகன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றான். அங்கிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தான். வீட்டிலிருந்த ஒரே ஸ்டூலில் சார் உட்கார்ந்தார். அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். சார் படிவத்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

"பார்யைக்கு ஜோலி, இல்லை. வருமானம், இல்லை." கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். "எந்தா சேச்சி, ஜோலிக்கொண்ணும் போகாறில்லே?" வேலைக்கு எதுவும் போவதில்லையா என்று கேட்டார்.

அப்பா, "சாரே, அவ..." என்று ஆரம்பித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். விரிசல் விட்ட ஓடுகள் ஏழு. திரும்ப எண்ணினேன், அப்போதும் ஏழு. அம்மாவின் பார்வை என்மேலிருந்து வாசலில் சைக்கிளோடு நின்றவன்மேல் போய், மறுபடி என்மேல் வந்தது.

"இல்ல சாரே. வீட்டிலதான் இருக்கேன்" என்றாள். "சாயா எடுக்கட்டா?"

"பாக்யவதி!" என்று சிரித்தார் சார். "எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு ஜோலியாக்கும். பகல்ல ஸ்கூல்ல பிள்ளைகளைத் திட்டணும், வந்து என்னைத் திட்டணும்." பிறகு படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "யாரு எழுதினது? மோனா? கையெழுத்து கொள்ளாம், நல்ல வடிவு" என்று மகனான என்னைக் காட்டி மெச்சினார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சார் சாயா குடித்துவிட்டு, அம்மாவின் கைரேகையை அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொய்க்கு அம்மாதான் விரல் வைத்தாள்.

சங்கம் தொள்ளாயிரம் கொடுப்பதாகச் சொன்னது. அப்பா அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போய் உள்ளதைச் சொல்கிறேன், மேஸ்திரியிடம் இன்னொரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அம்மா வாசலில் நின்று வழியை மறித்தாள்.

"போக வேண்டாம்."

"உனக்குக் கிறுக்கா? ஜன்னல் வைக்கணும்னு சொன்னது யாரு?"

"சாருகிட்ட நான் சொன்னது சொன்னதுதான். விடுங்க."

அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் அந்த வேலையில் வெட்கம்தான் போலிருக்கிறது, நான் எழுதினது அவளுக்கும் சௌகரியமாகப் போயிற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் அதை உறுதியாக நம்பியும் விட்டேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் வீட்டோடு எங்கள் வீட்டையும் சேர்த்து வாங்கினார். அவர் பேரன்கள் கீழே கடைகளும் மேலே தங்கும் அறைகளுமாகக் கட்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அப்பா பிறகும் நான்கு பணய வீடு மாறினார். நான் மூன்று. எதற்கும் எங்கள் பெயரில் கரம், அதாவது வீட்டு வரி, கட்டியதில்லை.

எழுநூறு ரூபாயோடு போன புது இடம் ஒரே அறை, தோப்பும்படிப் பக்கம். பண்டகசாலைக்குப் போகவர அம்மாவுக்கு முன்னைவிட மூன்று மைல் அதிகம். அந்தச் சந்தில் எங்களை யாருக்கும் தெரியாது. அம்மா எங்கேயும் வேலைக்குப் போவதில்லை என்று அங்கேயும் நான் இரண்டு பையன்களிடம் சொல்லிவைத்தேன். சொன்னதை அம்மா கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் பள்ளி விட்டு வேறு வழியாக வந்தபோது, எங்கள் சந்துக்கு இரண்டு சந்து முன்னால் இருந்த தெருக்குழாயில் அம்மாவைப் பார்த்தேன். குடம் இல்லை. மற்றப் பெண்கள் தண்ணீர் பிடித்து முடியட்டும் என்று ஒதுங்கி நின்றுவிட்டு, குனிந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சுண்ணாம்பு வெள்ளை போகும்வரை புருவத்தைக் கழுவினாள், காது மடலைக் கழுவினாள். முந்தானையை உதறி உதறித் திரும்பக் கட்டிக்கொண்டாள். நகக்கண்களை ஒவ்வொன்றாக ஒரு குச்சியால் சுத்தம் செய்தாள், பத்தையும். அப்புறம் எங்கோ பக்கத்தில் கடைக்குப் போய்விட்டு வருகிறவள்போல் நிதானமாக நடந்து எங்கள் சந்துக்குள் திரும்பினாள்.

நான் ஒரு மதிலுக்குப் பின்னால் நின்று அவள் போகும்வரை காத்திருந்தேன். அம்மாவுக்கு எவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.