ஆறு மணிக்கு ஒருக்க

குருண் பக்கம் ஒரு ஃபேக்டரி. கோழி இறைச்சியை உறைய வைத்து அனுப்புகிற இடம். நான் அங்கே கேபிள் இழுக்கப் போனவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். கம்ப்யூட்டர் அறையில் இருந்த ஆள் நின்றுவிட்டார். ஒயர் தெரிந்தவன்தானே என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள்.

அடுத்த மாதம், கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கிற திரை அமைக்க ஒப்பந்தத்தில் ஒரு பெண் வந்தாள். பாடாங் செராய்க்காரி. கழுத்தில் சின்னச் சிலுவை. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். என்னை அண்ணே என்பாள். நான் தங்கச்சி என்பேன், ஆபீஸ் ஆட்கள் முன்னால் மட்டும் மிஸ். அவளுடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை சுங்கை பட்டாணிக்குக் கூட்டிப் போகணும். இந்த வேலை நிலைத்தால் போகிற வழியிலேயே விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்குத்தான். வேலை நன்றாக இருந்தால் நீட்டிப்பார்கள்.

முதல் நாள், இங்கே இருக்கிற கண்டெய்னர் எல்லாத்தையும் கண்டுபிடிக்கணும் என்றாள். கொண்டேனா எல்லாம் பட்டர்வொர்த் துறைமுகத்தில்தானே இருக்கு, இங்கே ஏது என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அதை நானே போய் கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகாவிடம் சொன்னேன். அதோடு அங்கே எனக்குக் கொண்டேனா அண்ணே என்று பெயர் ஆனது.

பிறகு விளக்கினாள். கம்ப்யூட்டர் மெஷினுக்குள் சின்னச் சின்னப் பெட்டிகள், அதுதான் கண்டெய்னர். ஒரு பெட்டிக்குள் ஒரு புரோகிராம். ஒன்று நின்றால் இன்னொன்று தானாக எழும்பும், புதுப் பெயரோடு. மனுஷன் எழுதிவைத்துக் கட்டாது. அதற்குத்தான் டிஸ்கவரி ஜாப். அது மெஷின் மெஷினாகப் போய் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கும். பதில் சொன்ன பெட்டிக்குப் பெயர் விழும். பெயர் விழுந்ததைத்தான் எங்கள் திரை கண்காணிக்கும். பெயர் இல்லாதது செத்தாலும் மணி அடிக்காது.

பெரட்டு மாதிரி என்றேன்.

சுங்கை லாலாங் ரப்பர் எஸ்டேட்டில் அம்மா பால்மரம் வெட்டினாள். காலையில் பெரட்டில் கணக்கெழுதுகிற கிராணி பெயர் கூப்பிடுவார். நின்றவர்களுக்கு அன்று வேலை. இதைச் சொன்னேன். அதேதான் அண்ணே, எனக்கே இது தோணலை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் மெஷினுக்கு அவளே செய்து காட்டினாள். முகவரி, பாஸ்வேர்ட், எதைப் பார்க்கணும், எதை விடணும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நேரம் மட்டும் அவள் வைக்கவில்லை. கையால் தட்டி ஓட்டிக் காட்டினாள். மற்ற மெஷின்களுக்கு என்னைச் செய்யச் சொன்னாள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வாசலில் நின்று, "எல்லாம் ஆறு மணிக்கு ஒருக்க ஓடட்டும் அண்ணே" என்றாள். போய்விட்டாள்.

நேரம் வைக்கத் திரையில் இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் தினமும் எத்தனை மணிக்கு என்று போடலாம். அது புரிந்தது. இன்னொன்றின் கீழே நீளமாக இங்கிலீஷ். புரியவில்லை. பெரட்டும் காலை ஆறுக்குத்தான். ஆறு என்று போட்டேன்.

கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவள் அடுத்த அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டால் எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடும். போகவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. ஓடுதா அண்ணே என்பாள். ஓடுது என்பேன்.

பிறகு ஒரு நாள் காலை ஒன்பதுக்கு, கோல்ட் ரூம் சூட்டைப் பார்க்கிற பெட்டி நின்று வேறு பெட்டி எழும்பியது. பழையது போய் வேறு எழும்பினால் மணி அடிக்க வேண்டாம் என்றுதான் வைத்திருந்தோம். போவதும் வருவதும் அதன் வழக்கம். புதுப் பெட்டிக்குப் பெயர் விழவில்லை. அன்றைய பெரட்டு ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. பதினொன்றரைக்கு அந்தப் பெட்டியும் செத்தது. இந்த முறை வேறு எதுவும் எழும்பவில்லை. திரை பச்சையாகவே இருந்தது. மத்தியானம் கோல்ட் ரூமைக் குளிரவைக்கிற மெஷின் நின்றுபோனதைச் சொல்ல ஆள் இல்லை. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தவர்கள் கோழி இளகிக் கிடப்பதைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வரை லோரியில் ஏற்றிக் கொட்டினார்கள்.

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து நேரம் வைத்த பக்கத்தைத் திறந்தாள். கடைசியாக வைத்தவர் என்ற இடத்தில் என் வேலை நம்பர். அதைப் பார்த்தாள்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கன்னு நான் சொல்லிருக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ம் என்றேன்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மலாய்க்காரர், சத்தம் போடாதவர். இதை வைத்தது யார் என்று மலாயில் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"மிஸ் சூரோ, பாஸ்."

மிஸ் சொல்லித்தான் வைத்தேன் என்று அர்த்தம். பொய் இல்லை. அவள் சொன்னதுதான். ஆனால் சந்தேகம் வந்தும் கேட்காமல் போட்டது நான். அதைச் சொல்லவில்லை. அவள் என் நம்பர் இருந்த பக்கத்தைத் திறந்து காட்டவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மேசையைத்தான் பார்த்தேன்.

ஒப்பந்தத்தை நீட்டவில்லை. கடைசி நாள் சாமான்களை அவள் ஓட்டி வந்த காடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். தேங்க்ஸ் அண்ணே என்றாள். கேட்டில் ஜாகா, கொண்டேனா இன்னைக்குக் கனமா என்று கேலி பேசினார். நான் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் மலாயும் அன்றைக்குத் திக்கியது. கேட்டுக்கொண்டார். அவள் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு, இனிமேல் தெரியாவிட்டால் கேள் என்றார். எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. போகச் சொன்னார்.

அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், தப்பு என்னுது, அப்பா எப்படி இருக்கார் என்று. அப்பாவைப் பற்றிப் பதில் வரவில்லை. இதுதான் வந்தது.

"தெரியும் அண்ணே. நம்பரைப் பார்த்தேனே. ஆனா ஆறு மணி நேரமும் தப்புதான். ஒன்பதுக்கு எழும்பி பதினொன்றரைக்குச் செத்ததை அதுவும் பிடிச்சிருக்காது. அது என் கணக்கு. கால் மணி நேரத்துக்கு ஒருக்கன்னு மாத்துங்க. மணிக்கு இல்ல, நேரத்துக்கு."

படித்ததும் அப்பாடா என்றேன். வாய்விட்டே சொன்னேன். அறையில் நான் மட்டும்தான்.

பிறகு ஒவ்வொரு மெஷினாகத் திறந்து மாற்றினேன். அந்த நீள இங்கிலீஷை ஃபோனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்தேன். எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்றுதான் இருந்தது. மாத்தியாச்சு தங்கச்சி என்று அவளுக்கு எழுதினேன்.

அப்பாடா என்றதை எழுதவில்லை.