இடப்பக்கம் சாயும் எழுத்து

உப்பளம் பகுதியிலிருந்த தங்கள் ஸ்டிக்கர் கடையில் கமருஸ்ஸமானும் மகள் ஷாஹீனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு படகின் பெயரை உரித்தது. ஸ்டிக்கர் தாளில் எழுத்துகளை இயந்திரம் கீறிக் கொடுத்துவிடும். சுற்றியுள்ள வேண்டாத தாளை ஊசியால் கிளப்பி உரிப்பது மனிதர் வேலை. சென்னையில் இயந்திரப் பாகங்கள் வரையும் ஷாஹீன், விடுமுறைக்கு வந்தால் அந்த ஊசியை எடுத்துக்கொள்வாள்.

பெயர் 'துர்கா'. படகு குருசுக்குப்பத்து மீனவர் அம்மாவாசையுடையது. ஷாஹீனின் அத்தா எப்போதும் போடும் அதே சாய்ந்த எழுத்து: ஒரே தடிமன், முனையெல்லாம் விரல் நுனி போல உருண்டை. கூர்முனை விட்டால் உப்புக்காற்று அங்கேதான் முதலில் நகம் வைக்கும் என்பார். பள்ளி வேன், ஐஸ் வண்டி, படகு என்று ஓடுகிற எதற்கும் அதுதான். நிற்கிற கடைக்கு நிமிர்ந்த எழுத்து.

அதில் அவருக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. வலது பக்கம் சாயும் எழுத்தை வண்டியின் வலப்பக்கம் ஒட்டினால் முகப்பை நோக்கிப் பாயும். இடப்பக்கம் ஒட்டினால் பின்னால் இழுக்கும். ஆகவே இடப்பக்கத்துக்கு மட்டும் எழுத்தை எதிர்ப்புறம் சாய்த்து வெட்டுவார்.

அன்று உரித்து முடித்த பிறகுதான் பார்த்தார். படகின் இரு பக்கத்துக்குமான ஸ்டிக்கர் பட்டைகள் இரண்டும் வலப்பக்கமே சாய்ந்திருந்தன. அவர் இப்படித் தவறியதில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மறந்துட்டேன் பாரு. ஒரு பக்கம் ஒட்டிட்டு வந்துடறேன். இன்னொன்னு நாளைக்கு வெட்டிக்கலாம்."

சாயங்காலம் போய் வலப்பக்கம் ஒட்டிவிட்டு வந்தார். விடியுமுன் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும் வாரத்தில் அம்மாவாசை கடைக்கு வந்தார். மறுநாள் படகு கடலில் இறங்குகிறது, ஒரு பக்கம் பேரில்லாமல் அனுப்ப மனசு ஒப்பவில்லை என்றார். மேசையில் கிடந்த பழைய பட்டையைக் காட்டினார்.

"அதையே ஒட்டிடும்மா. மீனா வந்து பாக்கப் போவுது?"

"அத்தா வேணாம்னு ஒதுக்கி வெச்சதுண்ணே."

"பாய் இருந்திருந்தா இந்நேரம் என்னை வெரட்டியிருப்பாரு." காலையில் கரையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷாஹீன் கணினியைத் திறந்தாள். சாய்வு பன்னிரண்டு டிகிரி. முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும், அவளுக்கு அது ஒரு நிமிட வேலை. போட்டாள். எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்தன. இதை வெட்டிவிட்டால் அத்தா சொல்லிப்போன வேலை கடையில் வேறு எதுவும் இருக்காது. கை பட்டன் மேலேயே கிடந்தது. பிறகு அழுத்தினாள்.

தனியாகவே உரித்தாள். ஊசி இரண்டு முறை வழுக்கியது. பட்டையைச் சுருட்டி அத்தாவின் பையில் வைத்தாள். உள்ளே, ஒட்டும்போது காற்றுக்குமிழைத் தேய்த்துத் தள்ளுகிற பிளாஸ்டிக் தகடு இருந்தது. அதன் ஓரத்தில் கரை மணல் இன்னும் ஒட்டியிருந்தது.

இனி குருசுக்குப்பம் போய் இடப்பக்கம் ஒட்ட வேண்டும்.