பல்லுக்குள் இருந்தவன்

நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் நான். கண்ணால் கண்டதையே சந்தேகிக்கப் பழகியவள். ஆனாலும் இது எனக்கு நடந்தது.

2008. கொட்டாஞ்சேனையில், எங்கள் ஒழுங்கை முனையில் வைத்து, என் தம்பி வலன்ரைனை யாரோ வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போய் மூன்று மாதமாகியிருந்தது. பொலிஸ், சிறைச்சாலை, பிரேத அறை... அம்மாவும் நானும் போகாத இடமில்லை. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் வேலைக்குப் போனேன்.

நுகேகொடையில் ஒரு சிறிய ஆய்வுகூடம். குகைகளில் கிடைத்த பழைய எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, இந்தத் தீவில் முதலில் வாழ்ந்த சனங்கள் யார் என்று தேடினோம். அன்று என் கையில் இருந்தது பல்லாயிரம் வருடப் பழைய கடைவாய்ப்பல். எங்கள் மூச்சுப் பட்டாலே எங்கள் மரபணு அதில் கலந்துவிடும். அதனால் உடல் முழுவதும் மூடிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்வோம்.

மத்தியானம். வெளியே மழை. அறையில் நான் மட்டும். பல்லைத் துளைத்தேன். தூளைச் சின்னக் குழாயில் போட்டு இறுக்கி மூடினேன். துளைகருவியை நிறுத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.

நற... நற...

பல்லை நெறுமுகிற சத்தம். தூக்கத்தில் வலன்ரைன் அப்படித்தான் நெறுமுவான்.

பெட்டியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்பக்கமாக. மறைந்தது. மறுபடி படிந்தது. யாரோ மூச்சு விடுவது போல...

பல்லைத் தொட்டேன். சுட்டது.

"அக்கா... தண்ணி..."

அவன் குரல்.

நான் ஓடவில்லை. மூன்று மாதமாக அந்தக் குரலைத்தானே தேடித் திரிந்தேன். முகமூடியைக் கழற்றி எறிந்தேன். பெட்டியைத் திறந்தேன். பக்கத்திலிருந்த தண்ணீரைப் பல்லின் மேல் ஊற்றினேன்.

"எங்கயடா இருக்கிறாய்? சொல்லடா..."

காதைப் பல்லருகே கொண்டுபோனேன்.

மடக்... மடக்...

பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

எங்கள் பொறுப்பாளர் பௌஸி சேர் வந்தபோது நான் தரையில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை. பல் பழுதாகிவிட்டது. முகமூடியைக் கழற்றுவதற்கு முன் மூடிய குழாய் மட்டும் மிஞ்சியது. அதை அவரே சோதித்தார்.

சில நாட்களில் என்னைக் கூப்பிட்டார். செத்தவர்களின் பழைய மரபணு துண்டு துண்டாக உடைந்திருக்க வேண்டும். இது உடையவே இல்லையாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் இரத்தத்தில் எடுத்தது போல முழுதாக இருந்ததாம். ஊழியர்கள் எல்லோருடைய மரபணுவோடும் ஒப்பிட்டதில் என்னுடையதோடுதான் நெருங்கி வந்ததாகச் சொன்னார்.

"அப்ப என்ர பிழைதான், சேர்."

அவர் தலையை ஆட்டினார்.

"உங்கடது இல்ல, பேர்ணடெற். இது ஆம்பிளையிட. உங்களோட கூடப்பொறந்தவர்."

எனக்குக் கூடப்பிறந்தது தம்பி ஒருவன்தான். அவன் ஆய்வுகூடப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்தேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம், குளிர்சாதனப் பெட்டியில் கெடாதபடி பூட்டி வைத்திருந்த அதே தூளை பௌஸி சேர் மறுபடி சோதித்தார்.

மரபணு அவனுடையதுதான்.

ஆனால் இப்போது துண்டு துண்டாக உடைந்திருந்தது.