எந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது

சேஸிஸைப் புரட்டிப் போட எதிர்ச்சாரி டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் ஓடையை ஒட்டிய தெருவில், மீரா முகைதீனின் கீழ்த்தள வீட்டு முன்னறையில், மழைக்காலம் முழுக்க மல்லாந்து கிடந்த, அவர் கட்டும் ஜீப்பின் இரும்புச் சட்டம் அது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். தூக்கினார்கள், கவிழ்த்தார்கள், மரக்கட்டைகளின் மேல் இறக்கினார்கள், கை தட்டினார்கள். மீரா முகைதீன் மட்டும் தட்டவில்லை. ஸ்டியரிங் பெட்டியைத் தாங்குவதற்காகச் சட்டத்தில் ஒட்டியிருந்த பிராக்கெட்டையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். வலது பக்கம் இருக்க வேண்டியது இடது பக்கம் இருந்தது.

"பெருமாளு, இது எப்படி இங்க வந்துச்சு?"

பெத்தபெருமாள் அடுத்த வீட்டுக்காரர். ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்வது அவர் தொழில். வண்டிக்கு வெல்டிங் வைத்ததும் அவர்தான்.

"நீங்க காட்டின இடத்துலதான் பாய் ஒட்டினேன்."

"நான் சோத்துக்கைப் பக்கந்தானே காட்டினேன்?"

"சோத்துக்கைப் பக்கந்தான் ஒட்டினேன். அன்னைக்கு வண்டி மல்லாந்துல்ல கிடந்துச்சு."

மல்லாந்து கிடப்பவனைக் குப்புறத் தள்ளினால் அவன் வலது கை நமக்கு மறுபக்கம் போய்விடும். இது இரண்டு பேருக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் பிராக்கெட் ஒட்டிய அன்று தெருப் பிள்ளைகள் "மீ லாபி" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். வந்த கரண்ட் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மீரா முகைதீன் வண்டியின் முன்பக்கம் பார்த்து நின்று வலது கையை நீட்டினார். பெத்தபெருமாள் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பொறி பறக்க ஒட்டி முடித்தார். கேட்டுக்குக் கீல் வைப்பவர் கை அது. யானை இழுத்தாலும் வராது.

வேறு ஊராக இருந்தால் இதைத் தவறு என்று சொல்லி வெட்டி எடுத்துவிடலாம். ரங்கூனில் அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகின்றன. அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதுதான் முறை. ஆனால் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். அவற்றுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஓட்டுகிறவர் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுவார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் தலையை நீட்டிப் பார்த்து "யாபி" என்பார். போகலாம் என்று பொருள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஊரே முந்திக்கொண்டிருந்தது.

மீரா முகைதீனுக்கு அந்த வார்த்தையைச் சொல்பவள் மனைவி ரஹீமா. அவள் கையால் தம் போடும் பிரியாணியை இங்கே டான்பாவ் என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலை வாசலில், மதிய மணிக்கு முன்னால், வாடகை பிக்கப்பில் இரண்டு அண்டாவோடு போய் நிற்பார்கள். பிக்கப்பை அவர் ஓட்டுவார். இடது இருக்கையில் ரஹீமா ஓர் அண்டாவைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு எதிரே பார்ப்பாள். ஆலை திறந்த காலத்திலிருந்து இதுதான் பிழைப்பு.

ஆலை வாசலில் ஒரு மரம், அதனடியில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். மணி அடிக்கும்போது எந்த வண்டி அங்கே நிற்கிறதோ அதற்கு வியாபாரம். மற்றவர்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும், அவ்வளவு தூரம் எந்தப் பெண்ணும் நடந்து வரமாட்டாள். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் வாடகைப் பிக்கப்பின் சொந்தக்காரர், தடின்ஜுட் விளக்குத் திருநாளோடு வண்டியை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. திருநாள் விடுமுறை முடிந்து ஆலை திறக்கிற அன்று சொந்த வண்டி மரத்தடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாக்கடைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் நூடுல்ஸ்காரன் அன்றே இடத்தைப் பிடித்துவிடுவான்.

அதற்காகத்தான் இந்த ஜீப். புதுச் சட்டம், ஏதோ ஜீப்பின் அச்சு, நொறுங்கிப்போன ஜப்பான் பிக்கப் ஒன்றின் எஞ்சின்.

டீக்கடை முழுக்க யோசனை சொன்னது. "இடதுதான் சரி, கோ மீரா. அமெரிக்கா ஜீப்பெல்லாம் இடதுதான்" என்றார் ஒருவர், அண்ணன் என்பதற்குப் பர்மிய 'கோ' போட்டு. "விக்கப் போனா எவன் வாங்குவான்? வலதுதான் ஓடுது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நடுவில் வைத்துவிடலாம் என்றார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மீரா முகைதீன் தெருமுனையில் போய் நின்றார். ஒரு வண்டி வலது, அடுத்தது இடது, அதற்கடுத்தது வலது. டாக்சியிலிருந்து இறங்கிய பெண் நடுச்சாலையில் இறங்கினாள். பஸ் படிக்கட்டும் நடுச்சாலையில் இருந்தது. இவ்வளவு காலம் இதற்குள்தான் ஓட்டியிருக்கிறோம், ஒருநாள்கூட யோசிக்கவில்லையே என்று தோன்றியது. யோசித்தபோது எது சரி என்பது மட்டுமல்ல, தான் இதுவரை எப்படி ஓட்டினோம் என்பதும் புரியவில்லை.

வீடு திரும்பியதும், மகள் ஹுஸ்னாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த ரஹீமாவிடம் கேட்டார்.

"நீ சொல்லு. எந்தப் பக்கம்?"

"என்னைய எதுக்கு கேக்குறீங்க ஹுஸ்னா வாப்பா? வெட்டி ஒட்டணும்னா கரண்ட் வேணும். கரண்ட் வந்து நாலு நாளாச்சு. அது வர்றதுக்குள்ள பண்டிகையே முடிஞ்சிரும்."

"அப்ப இடதுதானா?"

"இடதுன்னு நான் சொல்லல. கரண்ட் சொல்லுது."

அதோடு பிரச்சினை தீர்ந்ததாக அவர் நினைத்தார். எஞ்சினை இறக்கி வைத்தபோது அதன் புகைக்குழாய் இடப்பக்கம் இறங்கி, ஸ்டியரிங் தண்டு வரவேண்டிய இடத்தில் சரியாக நின்றது. வலது ஸ்டியரிங் வண்டியின் எஞ்சின் அல்லவா.

"இப்ப என்ன பெருமாளு?"

"குழாயை எஞ்சினுக்கு அடியில வளைச்சு அந்தப் பக்கம் கொண்டு போயிருவோம். கேட்டுல பூவே வளைக்கிறேன், குழாய் வளைக்க மாட்டனா?"

கரண்ட் கடைசியில் வந்தது, பிராக்கெட்டை வெட்டி மாற்ற நேரம் இல்லாதபோது. வந்த வேகத்தில் குழாய் வளைந்தது, தகர மூக்கு ஏறியது, பின்னால் பலகை விழுந்தது. விடுமுறை முடிந்த காலை, மீரா முகைதீன் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினார். மூன்றாவது திருப்பில் எஞ்சின் எழும்பியது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மீரா முகைதீனுக்கு எதிர்ச்சாலை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. அவர் போகவில்லை.

"ஏன் பின்னாலயே போறீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கு என்ன தெரியுது? சாக்கடையும் எருமையும்."

"எனக்குத் தெரியுது. ரோடு காலியாத்தான் இருக்கு."

"அப்ப போங்களேன்."

கால் அழுந்த மறுத்தது. கண் சொன்னதைக் கால் நம்பவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ரஹீமா அண்டா மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வெளியே எருமையைப் பார்த்தபடியே "யாபி" என்றாள். ஜீப் சீறிக்கொண்டு லாரியைத் தாண்டியது.

ஆனாலும் தாமதம்தான். ஆலை வாசலுக்கு வந்தபோது நூடுல்ஸ்காரனின் வண்டி பின்பக்கமாக மரத்தடிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மீரா முகைதீன் அவசரமாகக் கியரை மாற்றப் போனார். பழகிய கை, இதுவரை கியர் இருந்த இடப்பக்கம் போய் வெறும் காற்றைப் பிடித்தது. ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி மரத்தை நோக்கித் துள்ளியது.

காவலாளி ஓடி வந்தார். ஓட்டுகிறவர் இருக்கும் பக்கம் என்று நினைத்து நேரே வலப்பக்கம் வந்தார். அங்கே ரஹீமாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"டோடோ, எப்ப வண்டி ஓட்டக் கத்துக்கிட்டீங்க?" என்றார் பர்மிய மொழியில். டோடோ என்றால் அத்தை.

ரஹீமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இன்னைக்குத்தான்" என்றாள்.

காவலாளி சட்டென்று திரும்பி நூடுல்ஸ்காரனை நோக்கிக் கை வீசினார். "வெளிய எடு, வெளிய எடு. அந்தம்மா புதுசு. நீ நின்னா உன் மேலதான் ஏத்தும். நான் பொறுப்பில்லை."

நூடுல்ஸ்காரன் ஜீப்பின் துள்ளலைப் பார்த்திருந்தான். வாக்குவாதம் செய்யாமல் சாக்கடைக்கு அந்தப் பக்கம் போனான். "மெதுவா, மெதுவா" என்று காவலாளி ரஹீமாவுக்குச் சைகை காட்ட, அந்தச் சைகையைப் பார்த்து மீரா முகைதீன் ஓட்ட, ஜீப் மரத்தடியில் போய் நின்றது. அப்போதுதான் காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். ரஹீமாவுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை.

"அப்ப யார் ஓட்டினது?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார் மீரா முகைதீன். அவர் கேலி செய்யவில்லை.

மணி அடித்தது. பெண்கள் வாசலை விட்டுப் பொங்கி வந்து வரிசை கட்டினார்கள். ரஹீமா நேரே அவர்கள் பக்கம் இறங்கி அண்டாவைத் திறந்தாள். அடுத்த நிமிடம் முன்னால் நின்றவள் மூக்கைப் பொத்தினாள். வளைத்துவிட்ட குழாய் அந்தப் பக்கம்தான் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, எஞ்சினை அணைங்க. சோறெல்லாம் டீசல் வாசம் அடிக்குது."

"அணைச்சா திரும்ப எழும்புமோ என்னமோ."

"எழும்பாட்டி நல்லது. நாளைக்கும் இடம் நம்மளுதுதான்."

இவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று யோசித்துப் பார்த்தார். வரிசை நீண்டுகொண்டே போனது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இரண்டாவது அண்டாவை இறக்கப் போனார்.